கதைச் சுருக்கத்தில் புறநிலை: ‘அக்னிப் பிரவேசம்’ கதையை முன்வைத்து

தொல்காப்பிய மரபியல், வழிநூலின் வகைகளாகத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என்னும் நான்கையும் ஒருங்கே வைக்கிறது. சுருக்குபவரும் மொழிபெயர்ப்பவரும் முதல்நூலுக்கு ஒரே வகையில் கடன்பட்டவர்கள் என்பது இதனால் பெறப்படும். மொழிபெயர்ப்பின் நேர்மை அடிக்கடி விவாதிக்கப்படுகிறது. சுருக்கத்தின் நேர்மையோ இயல்பாக அமைந்துவிடும் எனக் கருதப்படுகிறது. ஆனால் ஒரு சிறுகதை வேற்றுமொழிக்குச் செல்லுமுன் தொகுப்பாசிரியர் பெரும்பாலும் முதலில் காண்பது அதன் சுருக்கத்தையே. அது கோணினால் கதையும் கோணலாகவே சென்று சேரும்.

புறநிலைச் சுருக்கம் என்பது ‘உருக்கமான’, ‘சிறந்த’ போன்ற அடைகளை நீக்கி எழுதுவது என்றே பொதுவாகக் கற்பிக்கப்படுகிறது. இவ்விதி தேவையானது, போதுமானதன்று. தமிழில் மதிப்பீடு அடைகளில் மட்டும் தங்குவதில்லை. வினைச்சொல்லிலும், துணைவினையிலும், ‘என்று’ என்னும் மேற்கோள் இடைச்சொல் இருப்பதிலும் இல்லாமையிலும் அது தங்குகிறது.

1966இல் ஆனந்த விகடனில் வெளியான ஜெயகாந்தனின் ‘அக்னிப் பிரவேசம்’ இதற்குத் தக்க சான்றாகும். மழை பெய்யும் மாலையில் பேருந்துக்காகத் தனியே நிற்கும் ஏழை மாணவி, முன்பின் அறியாத இளைஞனின் காரில் ஏறுகிறாள். ஆளற்ற இடத்தில் அவளுக்கு நேர்ந்ததைத் தாயிடம் சொல்கிறாள். தாய் அவளை அடிக்கிறாள். பின்னர் அவள் தலையில் நீரூற்றுகிறாள். கதையின் முடிவு பெரும் விவாதத்திற்கு உள்ளாயிற்று.

இம்முடிவைச் சுருக்குபவர்க்கு எளிதில் கைவரும் தொடர் ‘தாய் மகளை மன்னித்தாள்’ என்பதாகும். இதில் அடை எதுவுமில்லை. எனினும் ‘மன்னி’ என்னும் வினை, மன்னிக்கப்படுபவர் பிழை செய்தவர் என்பதை முற்கோளாகக் கொண்டுள்ளது. ‘மன்னிக்கவில்லை’ என எதிர்மறையாக்கினாலும் பிழை நிலைத்து நிற்கும். கதை விவாதத்திற்கு உட்படுத்தும் வினாவையே சுருக்கம் விடையாக்கிவிடுகிறது.

‘தாய் மகளைத் தூய்மைப்படுத்தினாள்’ என்பதும் இத்தகையதே. தூய்மைப்படுத்தப்பட்டவள் முன்பு தூய்மையற்றிருந்தாள் என்பது இங்குச் சுருக்குபவரின் கூற்றாகிறது. ‘நீ தூய்மையாகிவிட்டாய் என்று தாய் கூறினாள்’ என்றால் அக்கருத்து தாய்க்கு உரியதாகிறது. ‘என்று’ ஒன்றே கருத்தின் உரிமையாளர் யார் என்பதைத் தீர்மானிக்கிறது.

மைய நிகழ்வைக் குறிக்கும் வினை இன்னும் கடினமானது. ‘கெடுத்துவிட்டான்’ என்பதில் அவள் கெட்டுப்போன பொருளாகிறாள். ‘விடு’ என்னும் துணைவினை அது மீளாதது என்ற தொனியையும் சேர்க்கிறது. ‘கற்பழித்தான்’ என்பது அவளிடமிருந்து கற்பு அழிந்ததாகச் சொல்கிறது. தாயின் செயல் மறுப்பது அதையே. ‘இணங்கினாள்’ என்பது கதை காட்டும் அச்சத்தையும் திகைப்பையும் அழிக்கிறது. ‘உடலுறவு கொண்டான்’ என்று மட்டும் எழுதி அச்சத்தைச் சொல்லாமல் விடுவதும் நடுநிலையன்று. விடுபாடும் ஒரு தீர்ப்பே. ‘அஞ்சித் திகைத்திருந்த அவளோடு உடலுறவு கொண்டான்’ என்பது பனுவல் தருவதைத் தந்து, பெயரிடும் பொறுப்பை வாசகரிடம் விடுகிறது.

மற்றொரு பிழை பெயரைப் பற்றியது. கதையில் அப்பெண் ‘அவள்’தான். ‘கங்கா’ என்பது 1970இல் நூலாக வந்த ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் இடப்பட்ட பெயர். அந்நாவலில் செய்தி வெளிப்பட்டு, அண்ணன் அவளை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். நாவல் 1972இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது, 1977இல் திரைப்படமாயிற்று. சிறுகதையின் சுருக்கத்தில் ‘கங்கா’ நுழையும்போது, எதிர்த்திசையில் செல்லும் இன்னொரு கதையின் நிழலும் உடன் நுழைகிறது.

காரணத் தொடர்புகளிலும் இச்சிக்கல் உண்டு. புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசன’த்தில், இராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னதை அறியும் அகலிகை மீண்டும் கல்லாகிறாள். ‘கேட்டுக் கல்லானாள்’ என்னும் செய்து வாய்பாட்டு எச்சம் காலவரிசையையும் காரணத்தையும் ஒருங்கே தாங்கும். ‘கேட்டு வெகுண்டதால் கல்லானாள்’ எனின் பல உணர்வுகளுக்கு இடம்தரும் மௌனம் ஒன்றாகச் சுருங்குகிறது.

இவ்வேறுபாடுகள் மொழிதோறும் வெவ்வேறாக வெளிப்படும். பெங்களூரு அல்சூரை அடுத்த ஜோகுபாளையம் போன்ற பகுதிகளில் தமிழும் கன்னடமும் அன்றாடம் அருகருகே வழங்குகின்றன. அத்தகைய இருமொழிச் சூழலில் தமிழ்க் கதையைக் கன்னடத்தில் சுருக்குபவர்க்கு ‘என்று’க்கு ‘எந்து’வும், ‘விடு’வுக்குப் ‘பிடு’வும், எச்சத்துக்கு நிகரான எச்சமும் கிடைக்கின்றன. எனவே தமிழ்ச் சுருக்கத்தில் புகுந்த சாய்வு கவனிக்கப்படாமலே கன்னடத்துக்குக் கடந்துவிடும். ஆங்கிலத்திலோ எச்சத்தைப் பலமுறை காலத்தொடராகவோ காரணத்தொடராகவோ பிரித்தாக வேண்டும். அந்நெருக்கடியே சாய்வைக் காட்டிக்கொடுக்கக்கூடும். அண்மை மொழிகளுக்கிடையே பணிபுரிவோர்க்கே கூடுதல் விழிப்பு தேவைப்படுகிறது.

இவ்வாறு கூற்றுரிமை பார்த்து எழுதினால் சுருக்கம் உயிரற்றதாகும் என்ற மறுப்பு எழலாம். அது பொருந்தாது. ‘தாய் முதலில் அலறி மகளை அடிக்கிறாள், பின்னர் அவள் தலையில் நீரூற்றி, அவள் தூய்மையாகிவிட்டாள் என்றும் நடந்ததை எவரிடமும் சொல்லலாகாது என்றும் கூறுகிறாள்’ என்னும் வாக்கியத்தில் ‘மன்னித்தாள்’ என்பதைவிட மிகுதியான கதை இருக்கிறது. அடியும் நீரும் இரகசியமும் முரண்பட்டு நிற்கின்றன. அம்முரணைத் தீர்த்துவைப்பது விமர்சகரின் பணி. குலையாமல் கொண்டுசேர்ப்பது சுருக்குபவரின் பணி. சுருக்கத்தின் புறநிலை கருத்தே இல்லாமையில் இல்லை; ஒவ்வொரு கருத்தும் அதற்கு உரியவரிடமே இருக்கும்படி எழுதுவதில் இருக்கிறது.