குணசேகரனும் என் அத்தையும்

தொலைக்காட்சித் தொடர் பார்க்கிறவர்களைப் பற்றி எழுத்தாளர்களாகிய எங்களுக்கு ஒரு பொதுவான அபிப்பிராயம் உண்டு. கதையில் வருகிறவனையும் அவனாக நடிக்கிறவனையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள், கண்ணீர் வந்தால் அதுவே கலை என்று நினைக்கிறவர்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவோம். நானும் மேடையில் அப்படிப் பேசிக் கைதட்டல் வாங்கியவன்தான். அந்தப் பேச்சை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். காரணம் என் அத்தை.

அத்தைக்கு எண்பது வயது நெருங்குகிறது. மாமா காலமான பிறகு எங்களோடுதான் இருக்கிறாள். சன் தொலைக்காட்சியில் 2022 பிப்ரவரி முதல் 2024 ஜூன் வரை ‘எதிர்நீச்சல்’ ஓடிய காலத்தில், இரவு ஒன்பதரை மணிக்கு அவளிடம் யாரும் பேசக் கூடாது. பேசினால் பதில் வராது. திரையிலிருக்கும் ஆதி குணசேகரனுக்கு விழ வேண்டிய வசவில் பாதி நமக்கு விழும்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மதுரையில் ஒரு பணக்காரக் குடும்பம். மூத்தவன் குணசேகரன் சொன்னதே சட்டம். படித்த பெண்களை வீட்டுக்கு மருமகள்களாகக் கொண்டுவந்து, அடுப்படியில் நிறுத்தி வைக்கிறவன். கடைசித் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு வரும் ஜனனி எதிர்த்து நிற்கிறாள். அவளைப் பார்த்து மற்ற மூன்று மருமகள்களும் மெல்ல மெல்ல வாய் திறக்கிறார்கள். இயக்கியவர் திருச்செல்வம். அவருடைய நோக்கத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை. குணசேகரனைப் பார்த்து ஆண்கள் வெட்கப்பட வேண்டும், அவ்வளவுதான்.

நடந்தது என்ன? குணசேகரனாக நடித்த மாரிமுத்து ஊருக்கெல்லாம் செல்லப்பிள்ளையாகிவிட்டார். பெண்களை அவர் அதட்டிக் கூப்பிடும் தோரணை கைப்பேசிக்குக் கைப்பேசி வேடிக்கையாகப் பறந்தது. என் நண்பர் ஒருவர் அதே தோரணையில் மனைவியிடம் காப்பி கேட்டதை நான் என் கண்ணாலேயே பார்த்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாளும் சிரித்தார். காப்பியும் வந்தது.

இது நம் நாட்டுக்கு மட்டுமே உரிய வியாதி என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 1971-ல் நார்மன் லியர் ‘ஆல் இன் தி ஃபேமிலி’ என்ற தொடரைத் தொடங்கினார். இனத் துவேஷம் பிடித்த ஆர்ச்சி பங்கர் என்ற ஆசாமியைக் கேலி செய்வதே அதன் நோக்கம். 1974-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, துவேஷம் மிகுந்த நேயர்கள் அதைக் கேலியாகவே எடுத்துக்கொள்ளவில்லை, ஆர்ச்சியைத் தங்களுக்காகப் பேசுகிறவனாகவே கண்டார்கள் என்று காட்டியது. நம் தூர்தர்ஷனில் 1984, 85 வருஷங்களில் வந்த ‘ஹம் லோக்’ கதையும் இதேதான். அதில் பாகவந்தி என்ற தாய், அடங்கி அடங்கியே தேய்ந்துபோகிறவள். இப்படி இருக்காதீர்கள் என்று காட்டுவதற்காகப் படைக்கப்பட்ட பாத்திரம். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எத்தனையோ நேயர்கள் அவளை மெச்சினார்கள்.

ஆகவே, “ஜனங்களுக்கு ரசனை இல்லை” என்று ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் அறிவித்தேன். அத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“கத்தறவனை என்னன்னு தெரிஞ்சுக்கலாம், தம்பி. அவன் கத்தறப்போ நானும் இங்க உக்காந்து திருப்பிக் கத்தறேன். மனசு லேசாகுது. இதுல உனக்கு என்ன நஷ்டம்?”

எனக்கு நஷ்டம் எதுவும் இல்லைதான்.

2023 செப்டம்பர் 8-ஆம் தேதி மாரிமுத்து திடீரென்று மாரடைப்பில் காலமானார். அந்தத் தொடருக்கு டப்பிங் பேசப் போன இடத்தில்தான் நெஞ்சு வலி வந்ததென்று செய்தி. அன்று அத்தை சாப்பிடவில்லை. “தினமும் நாசமாப் போன்னு சொன்னேனே” என்று ஒரே புலம்பல். நடிகர் வேறு, பாத்திரம் வேறு என்று நான் விளக்கப் புறப்பட்டேன். “தெரியும்டா” என்றாள் எரிச்சலோடு. “அந்த மனுஷன் ‘கண்ணும் கண்ணும்’னு நல்ல படம்கூட எடுத்திருக்காரு. எனக்குத் தெரியாதா?” 2008-ல் வந்த அந்தப் படத்தை நான் பார்த்திருக்கவில்லை.

பிறகு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த வேஷத்துக்கு வந்தார். அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அத்தைக்குத் திட்ட வரவில்லை. “இவரைப் பார்த்தாப் பயமா இருக்கு, கோபம் வரல்லே” என்றாள். ஒரு விமரிசகன் இரண்டு பக்கம் எழுதிச் சொல்ல வேண்டியதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். மாரிமுத்துவின் குணசேகரனிடம் கொடுமையோடு ஓர் அசட்டுத்தனமும் இருந்தது. அந்த அசட்டுத்தனம்தான் நம்மைச் சிரிக்கவும் வைத்தது, திட்டவும் தைரியம் கொடுத்தது.

இங்கேதான் எனக்கு ஒன்று புலப்பட்டது. நேயர்கள் சொல்லும் காரணம் தவறாக இருக்கலாம். படைப்பில் எது உயிரோடு இருக்கிறது என்பதில் அவர்கள் தவறுவதில்லை. ‘எதிர்நீச்சலில்’ மருமகள்களுக்குக் கொள்கை இருந்தது, கண்ணீர் இருந்தது. நகைச்சுவையும் பேச்சு வளமும் பெரும்பாலும் குணசேகரனுக்கே போய்ச் சேர்ந்தன. தவிர, தினசரித் தொடருக்கு ஒரு சாபம் உண்டு. கொடுங்கோலன் உண்மையாகவே தோற்றுவிட்டால் மறுநாளைக்குக் கதை இல்லை. ஆகவே அந்தப் பெண்கள் ஒரு நாள் ஜெயித்து மறுநாள் தோற்றுக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு வருஷம் தோற்காத ஒருவனை ஜனங்கள் மெச்சினார்கள் என்றால், குற்றம் ஜனங்கள் தலையில் மட்டுமா?

இதை நான் அத்தையிடம் பெருமையோடு சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நீயும் அப்படித்தானே எழுதினே” என்றாள்.

திடுக்கிட்டேன். பல வருஷங்களுக்கு முன் எழுதிய நாவல் ஒன்றில் மாமாவை வைத்து ஒரு பாத்திரம் படைத்திருந்தேன். அதிகம் பேசாதவர், கம்பீரமானவர். விமரிசகர்கள் பாராட்டிய பாத்திரம். அத்தை அதைப் படித்தாளா என்பதே எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

“பேசாம இருப்பாருன்னு எழுதியிருக்கே. பேசாம இருந்தா வீட்டுல இருக்கறவ என்ன பாடுபடுவான்னு எழுதலையே. மாசக்கணக்குல ஒரு வார்த்தை பேசமாட்டாரு. குழம்புல உப்பு கூடிச்சா, நான் வெளியில போய் வந்தது தப்பா, எதுன்னு நானா கண்டுபிடிச்சுக்கணும். குணசேகரன் மாதிரி கத்தியிருந்தா நானும் ஒரு நாள் திருப்பிக் கேட்டிருப்பேன்.”

அரைமணி நேரம் திரையைப் பார்த்து அவள் யாரைத் திட்டிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நாவல் இப்போது மறுபதிப்புக்குப் போகிறது. அச்சகத்திலிருந்து புரூஃப் வந்து மேஜைமேல் கிடக்கிறது. அந்த அத்தியாயத்தை மட்டும் இன்னும் திருப்பி அனுப்பவில்லை.