ஜெனின் படமாளிகையும் மக்கள் அரங்கும்

பாழடைந்து கிடக்கும் பழைய படமாளிகை ஒன்றைப் புதுக்கி ஊர் மக்களின் கலைக்கூடமாக ஆக்குதல் நற்பணி என்பதில் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை. ஆயின், அக்கூடம் யாருக்குச் சொந்தம், அதன் கதவைத் திறப்பவர் யார், மூடுபவர் யார் என்னும் வினாக்களை எழுப்பாது அப்பணியைப் போற்றுவது வாழ்த்துரையாகுமேயன்றி விமர்சனமாகாது. ஜேர்மன் நெறியாளர் மார்க்குஸ் ஃபெற்றரின் ஆக்கமாக 2012 இல் திரைக்கு வந்த ‘சினிமா ஜெனின்’ என்னும் விவரணப்படத்தை இவ்வினாக்களோடு நோக்குதல் பயனுடையதென நாம் கருதுகிறோம். படம் முடிந்த இடத்தில் வரலாறு முடிந்துவிடவில்லை. படத்திலே கோலாகலமாகத் திறந்து வைக்கப்படும் அந்த மண்டபம் இன்று இல்லை. 2016 ஆம் ஆண்டின் இறுதியில் அது இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. இடித்தது ஆக்கிரமிப்புப் படையின் குண்டன்று. விற்கப்பட்ட நிலத்தில் எழவிருந்த கடைத்தொகுதியே அதனை விழுங்கிற்று.

ஜெனின், பாலஸ்தீனத்து மேற்குக்கரையின் வடபால் உள்ள நகரம். அங்கே 1950களில் எழுந்த படமாளிகை, 1987 இல் முதலாவது மக்கள் எழுச்சி வெடித்த காலத்தில் மூடப்பட்டது. எழுச்சியையும் அதனை அடக்க வந்த ஊரடங்கையும் தாங்கி மேற்குக்கரையின் படமாளிகைகள் நடைபெற இயலவில்லை. மக்களுக்குக் கலையார்வம் அற்றுப்போனமையால் அன்று, ஆக்கிரமிப்பின் கீழ் அன்றாட வாழ்வே நிலைகுலைந்தமையாலேயே திரை இருண்டது என்பதை நாம் முதற்கண் மனங்கொள்ளுதல் வேண்டும்.

2005 நவம்பரில், அஹமத் கத்தீப் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் விளையாட்டுத் துப்பாக்கியுடன் நின்றபோது இஸ்ரேலியப் படையினரால் சுடப்பட்டு இறந்தான். அவனுடைய தந்தை இஸ்மாயில் கத்தீப், மகனின் உறுப்புகள் இஸ்ரேலில் உள்ள நோயாளருக்கு, யூதர் உட்பட, வழங்கப்படுவதற்கு இசைந்தார். அவ்வரிய செயலை ஃபெற்றரும் லியோன் கெல்லரும் 2008 இல் ‘ஜெனினின் இதயம்’ என்னும் படமாக ஆக்கினர். அப்படத்தை ஜெனினிலேயே காட்ட விரும்பியபோது அந்நகரில் இயங்கும் படமாளிகை ஒன்றுகூட இருக்கவில்லை. பழைய மண்டபத்தைப் புதுக்கும் எண்ணம் அவ்வாறு பிறந்தது. ஜேர்மன் வெளிநாட்டமைச்சு நிதி உதவிற்று. இசைக்கலைஞர் ரோஜர் வாட்டர்ஸ் ஒலிக்கருவிகளுக்கு உதவினார். பல நாட்டுத் தொண்டர்களும் ஊர் இளைஞரும் சேர்ந்து உழைத்தனர். 2010 ஓகஸ்ட் 5 ஆம் நாள் கதவு மீண்டும் திறந்தது. இருபத்து மூன்று ஆண்டுகளின் பின் ஒரு நகரத்துக்குத் திரை திரும்பக் கிடைத்ததைச் சிறுமைப்படுத்தும் எண்ணம் நமக்கில்லை.

படத்தின் நேர்மையையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். பழைய படக்கருவியோடு மல்லாடும் முதியவரை அது அன்போடு காட்டுகிறது. கட்டட உரிமையாளருடன் நிகழும் பேரத்தை மறைக்கவில்லை. ஆக்கிரமிப்பு நிலவும்போதே எல்லாம் வழமைபோல் உள்ளதாகப் பாவனை செய்ய இம்முயற்சி துணைபோகிறது என ஊரவர் சாட்டிய குற்றத்தையும் அது வெட்டி எறியவில்லை. பிரசாரப் படமாயின் இவையெல்லாம் மேசைமேல் வெட்டுண்டு போயிருக்கும்.

எனினும், இப்படத்தின் பார்வை எங்கிருந்து புறப்படுகிறது? கனவு காண்பவர் வெளியிலிருந்து வந்தவர். தடை போடுபவர் ஊரார். கதையின் இயக்கம் முழுவதும் இந்த அச்சிலேயே சுழல்கிறது. வாடகை கேட்பவர், ஐயுறுபவர், தாமதிப்பவர் என்றவாறே ஜெனின் மக்கள் பெரும்பாலும் தோன்றுகின்றனர். அவர்கள் ஏன் ஐயுறுகின்றனர் என்பதை ஆராயப் படத்துக்குப் பொறுமை போதவில்லை. வீடுகள் தகர்க்கப்படுவதைக் கண்ட மக்கள், தம்மிடம் கேளாமலே தமக்காக வகுக்கப்படும் நன்மையை ஐயுறுவது அறியாமையன்று, அனுபவம். மகனை இழந்த தந்தையின் பெருந்தன்மை அவருடைய உள்ளத்திலிருந்து எழுந்தது. அதனை ஒரு நகரம் முழுவதற்கும் உரிய ஒழுக்க விதியாக்கி, சமாதானம் பேசும் பாலஸ்தீனருக்கே படமாளிகை என்பது போன்ற தோற்றத்தை ஏற்படுத்துவது வேறு. அடக்குவோனும் அடக்கப்படுவோனும் ஒரே திரையின் முன் அமர்ந்துவிட்டால் முரண்பாடு தீர்ந்துவிடும் என்பது தாராண்மைவாதியின் இனிய கற்பனை. சோதனைச்சாவடி அதனால் அகல்வதில்லை.

இவ்விடத்தில் நம்மவர்க்கும் ஒரு சொல் கூறவேண்டும். ஐயுற்றவர் பக்கம் நியாயம் இருந்தது என்றோம். ஆனால், அந்நியன் பணம் தீட்டு என்று ஒதுங்கி நிற்பதோடு முற்போக்காளரின் கடமை முடிந்துவிடுமா? மண்டபத்தை மக்கள் கைக்கு மாற்றும் வழியை வகுக்காத எதிர்ப்பு, அதனை வணிகன் கைக்கு மாறவே விட்டுவிடும். ஜெனின் படமாளிகை இடிக்கப்பட்டதைக் கண்டு, ‘பார்த்தீர்களா, பசித்தவனுக்குச் சினிமா எதற்கு?’ என்று கூறுவோரும் நம்மிடையே உளர். கலையை ஆடம்பரமாகக் கருதும் இக்கருத்து புரட்சிகரமானதன்று; மக்களுக்குச் சோறு போதும், சிந்தனை வேண்டாம் என்னும் பழைய எசமானனின் கருத்தே அது.

உயர்தர வகுப்பு மாணவர் சிலருடன் நாம் இப்படத்தைப் பார்த்தோம். திறப்பு விழாக் காட்சியில் அவர்கள் மகிழ்ந்தனர். பின்னர் மண்டபம் விற்கப்பட்டு இடிக்கப்பட்ட செய்தியைக் கூறியபோது சிறிது நேரம் எவரும் பேசவில்லை. இறுதியில் ஒரு மாணவி கேட்டாள்: “சேர், இவ்வளவு காசு குடுத்துத் திருத்தின ஆக்கள் ஏன் அந்தக் கட்டடத்தை ஊருக்கெண்டு வாங்கேல்லை?”

திறனாய்வாளர் பலர் கேட்கத் தவறிய வினா இது. இருக்கைகள் நன்கொடை, ஒலிக்கருவி நன்கொடை, தொண்டரின் வியர்வையும் நன்கொடை. இவற்றையெல்லாம் தாங்கி நின்ற மண் மட்டும் தனியார் உடைமையாகவே எஞ்சிற்று. நன்கொடையாளரின் கண் திறப்பு விழாவில் இருந்தது, பத்திரத்தில் இருக்கவில்லை. விழா முடிந்து ஒளிப்படக்காரர் புறப்பட்ட பின்னர், வருவாய் செலவுக்கு எட்டாத மண்டபம் ஒன்றே மீந்தது. நகரின் நடுவே உள்ள நிலமோ கடைத்தொகுதிக்கு ஏற்ற நிலம். சந்தையின் கணக்கிலே மக்கள் கலைக்கு வரவுப்பத்தி இல்லை. உரிமையாளர் விற்றனர், கட்டடம் வீழ்ந்தது. இதிலே தனிமனிதரின் கொடுமையைத் தேடுவது வீண். உடைமை முறையைத் தொடாது பயன்பாட்டை மட்டும் மாற்றும் எந்த முயற்சிக்கும் நேரக்கூடிய முடிவே இது.

இனி, அதே ஜெனினில் அகதிமுகாமின் அரங்கை நோக்குவோம். ஆர்னா மெர்-காமிஸ் என்னும் அம்மையார் முகாம் சிறுவருக்காக அமைத்த மேடை 2002 ஆம் ஆண்டுப் படையெடுப்பில் அழிந்தது. அவருடைய மகன் ஜூலியானோ மெர்-காமிஸ் பிறருடன் சேர்ந்து 2006 இல் ‘சுதந்திர அரங்கை’ நிறுவினார். 2011 ஏப்ரல் 4 ஆம் நாள் அவ்வரங்கின் அருகிலேயே அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். 2023 டிசம்பரில் படையினர் அரங்கினுள் புகுந்து சூறையாடினர். அதன் பொறுப்பாளர்களைப் பிடித்துச் சென்றனர். 2025 ஜனவரியில் தொடங்கிய படை நடவடிக்கையில் முகாம் மக்களே வெளியேற்றப்பட்டனர். படமாளிகைக்கு நேர்ந்ததிலும் கொடிய அழிவு இது. ஆயினும், அங்கு பயின்ற இளைஞர் நடிகராயும் நெறியாளராயும் தொழிற்படுகின்றனர். கட்டடத்தோடு முடியாத ஒன்றை அவ்வரங்கு ஆக்கியிருந்தது, ஆட்களை ஆக்கியிருந்தது. ஜெனின் படமாளிகை பார்வையாளரைத் தேடிற்று. முகாம் அரங்கு கலைஞரைத் தேடிற்று. வேறுபாடு இதுவே.

லெபனானின் தென்கரையில் உள்ள சூர் நகரிலும் கற்கத்தக்க அனுபவம் உண்டு. காசிம் இஸ்தான்பூலி என்னும் நாடகக் கலைஞரும் அவரோடு சேர்ந்த இளைஞரும், பல்லாண்டுகளாக மூடிக்கிடந்த அல் ஹம்றா படமாளிகையை 2014 இலும், நபத்தியா நகரின் ஸ்ரார்ஸ் படமாளிகையை 2016 இலும், மீண்டும் சூரில் ரிவோலியை 2018 இலும் திறந்தனர். பின்னர் வடக்கே திரிப்போலியில் எம்பயர் என்னும் பழைய படமாளிகையும் அரங்காயிற்று. தூசு தட்டியதும் சுவர் பூசியதும் பெரும்பாலும் தொண்டர் கைகளே. நாடகப் பயிற்சியும் படப் பயிற்சியும் அங்கு நடக்கின்றன. விழாக்களுக்குக் கட்டணம் இல்லை. 2024 ஆம் ஆண்டுப் போரில் தெற்கிலிருந்து ஓடிவந்த குடும்பங்களுக்குத் திரிப்போலி அரங்கு தங்குமிடமாயிற்று. மக்கள் அரங்கு என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் ஏது? நாடகம் நடந்த இடத்திலேயே பாய் விரித்து உறங்கியவர்களுக்கு அது இனி அந்நியக் கட்டடமாகாது.

இதனையும் குறையற்றதெனப் புகழ்ந்துவிட நாம் விரும்பவில்லை. அவர்களும் வெளிநாட்டு நிதியை முற்றாகத் தவிர்த்தவர் அல்லர். ஒரு மனிதரின் ஊக்கத்தில் பெரிதும் தங்கியிருக்கும் நிறுவனம் அவர் சோர்ந்தால் சோரும். கட்டடத்தின் உடைமை பற்றிய வினா அங்கும் உண்டு. ஆனால் தொடக்கம் ஊருக்குள்ளிருந்து எழுந்தமையால், அவ்வினாவை எழுப்புவோரும் ஊரிலேயே இருப்பர்.

ஆகவே, பழைய படமாளிகை ஒன்று கலைக்கூடமாகிறது என்னும் செய்தி வரும்போது நாம் மூன்றைக் கேட்கப் பழகுவோம். நிலமும் கட்டடமும் மாநகரசபையின் பெயரிலோ கூட்டுறவின் பெயரிலோ நிலைபெற்றனவா? வரவு செலவை ஊர் மக்கள் பார்க்க முடிகிறதா? மேடையில் ஏறுவோரும் படம் பிடிப்போரும் அவ்வூரிலிருந்தே உருவாகின்றனரா? இவற்றுக்கு விடை இல்லையேல் திறப்பு விழாவின் கைதட்டலை நாம் சற்று ஒத்திவைக்கலாம்.

ஃபெற்றரின் படத்தைப் பார்க்க வேண்டாம் என்று நாம் கூறவில்லை. அவசியம் பார்க்கவேண்டும், மாணவருக்கும் காட்டவேண்டும். இன்று இல்லாத மண்டபம் ஒன்றின் சுவர்களும் அச்சுவர்களைப் பூசிய முகங்களும் அப்படத்திலேதான் எஞ்சியுள்ளன. படம் முடிந்து விளக்கு ஏற்றப்பட்டதும் அந்த மாணவியின் வினாவை வகுப்பின் முன் வைப்போம். விடையை அவர்களே தேடட்டும்.