மேனேஜ்டு சுவிட்ச் வாங்கியாயிற்று, மேனேஜ் பண்ணுவது யார்?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸ். பன்னிரண்டு கம்ப்யூட்டர், எட்டு கேமரா, கைரேகை வைக்கும் வருகைப்பதிவு மிஷின், இரண்டு வைஃபை பெட்டி. ஒருநாள் காலை பத்தரைக்கு எல்லாம் ஒரேயடியாக நின்றுபோனது. "டேலி சுத்திக்கிட்டே இருக்குதுங்க, ஒரு பில்லு போட முடியலைங்க" என்று போன். போய்ப் பார்த்தால், சுவிட்சின் பச்சை விளக்குகள் அத்தனையும் ஒரே தாளத்தில் படபடவென்று துடிக்கின்றன. இந்த வேலையில் இருப்பவனுக்கு அந்தத் துடிப்பே போதும். எங்கோ லூப் விழுந்திருக்கிறது. மேசைக்கு அடியில் தொங்கிய லேன் கேபிளின் முனையை, பெருக்கும்போது யாரோ நல்ல மனசோடு பக்கத்துச் சாக்கெட்டில் செருகிவிட்டார்கள். மறுமுனையும் அதே சுவிட்சில்தான் இருந்தது. சுற்றில் மாட்டிய டேட்டா வெளியேற வழியில்லாமல் பெருகிப் பெருகி மொத்த ஆபீஸையும் அடைத்துவிட்டது.

இதற்கான மருந்து பழையது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்தபோது ராடியா பெர்ல்மன் 1985-ல் வடிவமைத்த ஸ்பானிங் ட்ரீ, லூப் விழும் பாதையைத் தானாகவே மூடிவைக்கும். 1,200 ரூபாய்ச் சாதா சுவிட்சில் அது கிடையாது; உள்ளே நுழைந்து செட்டிங் மாற்றக்கூடிய மேனேஜ்டு சுவிட்ச் வேண்டும். ஆகவே, "மேனேஜ்டு போட்டுரலாங்க, ஆனா பட்ஜெட்டுக்குள்ள" என்கிறார் முதலாளி. கேட்க எளிமையாக இருக்கும் இந்த வாக்கியத்தில்தான் பெரும்பாலான சிறு நிறுவனங்கள் வழுக்குகின்றன.

முதல் வழி செகண்ட் ஹாண்ட். சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் ஏதோ பெரிய கம்பெனி கழித்துக்கட்டிய 24 போர்ட் சிஸ்கோ சொற்ப விலைக்குக் கிடைக்கும். கையில் எடுத்தாலே கனம் தெரியும். ஒரே சுவிட்சைத் தனித்தனி வலைகளாகப் பிரிக்கும் வி-லேன், ஸ்பானிங் ட்ரீ எல்லாம் முழுசாக உண்டு; சிசிஎன்ஏ படித்த எந்தப் பையனுக்கும் அதன் கட்டளைகள் அத்துப்படி. எனக்கும் இந்தப் பெட்டிகள் மேல் ஒரு பாசம் உண்டு, தொழில் கற்றதே அவற்றில்தான். ஆனால் பாசத்தோடு வாங்கினால் பட வேண்டியதுதான். பழைய கேட்டலிஸ்ட் 2960 வரிசையின் 24டிடி மாடலில் அந்த 24 போர்ட்டும் 100 எம்பிபிஎஸ் மட்டுமே. ஓரத்தில் இருக்கும் இரண்டுதான் ஜிகாபிட். 2 ஜிபி பிரிண்ட் டிசைன் ஃபைலை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்ப ஜிகாபிட்டில் இருபது விநாடிகூட ஆகாது, இதில் மூன்று நிமிடம். விசிறிச் சத்தம் தனி. கரண்ட் கணக்கை வாங்கும்போது யாரும் போடுவதில்லை. 60 வாட் இழுக்கும் பழைய பெட்டி வருஷத்துக்கு 525 யூனிட் தின்னும், விசிறியே இல்லாத 10 வாட் புதுப்பெட்டிக்கு 88 யூனிட் போதும். யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தால், வித்தியாசம் வருஷத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம். அந்தப் பணத்தில் எட்டு போர்ட் புதுசே வாங்கலாம்.

அதைவிடப் பெரிய கோளாறு, பழசுக்குச் சாஃப்ட்வேர் திருத்தம் வராது என்பது. 2018 ஏப்ரலில் சிஸ்கோவின் ஸ்மார்ட் இன்ஸ்டால் வசதியில் இருந்த ஓட்டை வழியாக ஈரானிலும் ரஷ்யாவிலும் சுவிட்சுகளுக்குள் புகுந்து, செட்டிங்கை அழித்து, அமெரிக்கக் கொடியை வரைந்துவிட்டுப் போனார்கள். திருத்தம் சில நாள் முன்பே வெளியாகியிருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். திருத்தமே வராத பழசு என்றால் கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது வழி, "ஸ்மார்ட்" என்று பெயர் போட்டு வரும் புதுப் பெட்டிகள். எட்டு போர்ட் மூவாயிரம், நாலாயிரத்துக்குள் கிடைக்கிறது. பிரவுசரில் திறந்து மவுஸால் தட்டியே கேமராவை ஒரு வி-லேனிலும் கணக்குப் பிரிவை இன்னொன்றிலும் பிரித்துவிடலாம். 1998-ல் வந்த 802.1க்யூ தரம்தான், வேறு கம்பெனிப் பெட்டியோடும் ஒத்துப்போகும். சிறு ஆபீஸுக்கு வேண்டியது இதில் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. குறை இல்லாமல் இல்லை. மலிவானவற்றில் முழு ஸ்பானிங் ட்ரீ இருக்காது, "லூப் தடுப்பு" என்று ஒரு சின்ன வசதியோடு நிறுத்திக்கொள்வார்கள். சிலவற்றின் நிர்வாகப் பக்கத்துக்குப் பூட்டில்லாத எச்டிடிபிதான். "சேவ்" பொத்தானைத் தனியாக அழுத்தவில்லையென்றால் செய்த மாற்றம் நிலைக்காத பெட்டிகளும் உண்டு. ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து வி-லேன் பிரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் கரண்ட் போய் வந்ததும் எல்லாம் பழையபடி ஒரே குட்டை. தப்பு என்னுடையதுதான், ஆனாலும் அன்று திட்டியது பெட்டியைத்தான்.

கேமராவுக்குக் கேபிளிலேயே கரண்ட் தரும் பிஓஇ சுவிட்ச் என்றால் இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும். அட்டைப்பெட்டியில் எட்டு போர்ட் பிஓஇ என்றிருக்கும். ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் என்று எட்டுக்கும் கணக்குப் போட்டால் 123 வாட் வரும். பெட்டியின் மொத்தத் தாக்குப்பிடிப்போ 60 வாட். பகலில் கேமரா ஐந்து வாட்டில் ஓடும்போது ஒன்றும் தெரியாது. இருட்டியதும் இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்து ஒவ்வொன்றும் ஒன்பது வாட் கேட்கத் தொடங்கும். எட்டுக்கு 72. ராத்திரி ஏழு மணிக்கு மேல் கேமரா ஒவ்வொன்றாக அணைந்து எழும். காலையில் நாம் போனால் எல்லாம் ஒழுங்காக ஓடும். கேமரா ஆள் கேபிளைக் குறை சொல்வார், கேபிள் ஆள் கேமராவை.

ஆக, கணக்கைப் போட்டால் என் ஓட்டு புதிய ஸ்மார்ட் பெட்டிக்கே. ஆனால் பெட்டியை விட எனக்குக் குறையாகப் படுவது, வாங்கியபின் நடப்பது. பத்து ஆபீஸில் ராக்கைத் திறந்தால் பாதிக்கு மேல் பாஸ்வேர்டு இன்னும் "அட்மின்"தான். எல்லாப் போர்ட்டும் வி-லேன் ஒன்றில். மேனேஜ்டு என்று காசு கொடுத்து, சாதா சுவிட்சாக ஓட்டுகிறார்கள். இது சாதா சுவிட்சை விட மோசம்: அதில் யாரும் நுழைய ஒரு கதவே கிடையாது. 2021 செப்டம்பரில் நெட்கியர் தன் ஸ்மார்ட் சுவிட்ச் மாடல்கள் சிலவற்றில் கண்ட ஓட்டைகளை அடைக்கத் திருத்தம் வெளியிட்டது. அதை இறக்கிப் போட ஓர் ஆள் வேண்டுமே. அந்த ஆளுக்கான கூலியைச் சேர்க்காமல் "விலை குறைவு" என்று சொல்வது பாதிக் கணக்கு. மாசத்துக்கு அரைமணி நேரம்கூட ஒதுக்க ஆளில்லாத கடைக்குச் சாதா சுவிட்சும் ஒழுங்காக இழுத்த கேபிளும் போதும் என்றே சொல்வேன், வியாபாரம் போனாலும்.

அந்தப் பனியன் கம்பெனியில் 24 போர்ட் ஸ்மார்ட் பெட்டியைப் போட்டு, எந்தப் போர்ட்டில் எது என்று ஒரு தாளில் எழுதி ராக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வந்தேன். ஆறு மாதம் கழித்துப் போனபோது 17 என்ற எண்ணுக்கு நேரே, என் கையெழுத்தில்லாத நீல மையில், "புது லேபிள் பிரிண்டர், கணக்கு வி-லேன்" என்று எழுதியிருந்தது. கணக்குப் பார்க்கும் அக்காவின் வேலை. சேவ் அழுத்தினீங்களா என்று கேட்டேன். "ரெண்டு தடவ அழுத்துனனுங்க" என்றார்.