சிவப்பு மையும் எழுத்துப் பயிற்சியும்

எழுதக் கற்பிக்க இயலுமா என்பது பழைய வினா. 1950-இல் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு அதற்குச் செயலால் விடையிறுத்தது. நடத்திய இருவரும் தாமே எழுத்தாளர்கள். கதையின் இலக்கணம் கூறியதோடு நில்லாது எழுதவும் வைத்தனர்.

நம் வகுப்பறையில் நடப்பது யாது? கரும்பலகைக் குறிப்புகளை மாணாக்கர் விரித்தெழுதுகின்றனர். நாம் ஒற்றுப் பிழைகளைச் சுழிக்கின்றோம். நான் தோட்டப் பள்ளியில் பணியேற்ற புதிதில், ‘மழைக் காலை’ என்னும் தலைப்புக்கு எல்லாரும் மயில் ஆடியதாக எழுதினர். ஒரு சிறுவன் மட்டும், “மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, அம்மாவுக்குச் சம்பளம் இல்லை” என்று எழுதினான். ‘பால்வெட்டு’ பேச்சு வழக்கென்று சுழித்து, மதிப்பெண்ணையும் குறைத்தேன். அடுத்த கட்டுரையில் அவனும் மயிலை ஆடவிட்டான்!

பிழை திருத்த வேண்டா என்பதன்று என் கருத்து. கண்டதைக் கண்டபடி எழுதியவனை முதலில் பாராட்டுக. பிழையைப் பிறகு காட்டுக. அந்த வரிசை நமக்குப் புலப்பட வேண்டுமாயின், ஆசிரியராகிய நாமும் திங்களுக்கு ஒரு பக்கமேனும் எழுதிப் பிறர் திருத்தக் கொடுத்தல் வேண்டும். தம் எழுத்தில் குறை கேட்டறியாதவர், பிள்ளையின் எழுத்தில் நிறை காண்பது அரிது.