சாட்சி நிற்கும் நிழல்கள்

கோலார் தங்கவயலை அடுத்து, பங்காருபேட்டை வட்டத்தில் இருக்கும் பூதிகோட்டையை வெளியூர்க்காரர்கள் தெரிந்து வைத்திருப்பது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். 1720ஐ ஒட்டி ஹைதர் அலி பிறந்த ஊர் அது. பாடப்புத்தக ஹைதரைவிடக் கதைகளில் உலாவும் ஹைதர் சுவாரசியமானவர். அந்தக் கதைகளில் இரண்டு, கொடுத்த வாக்கைப் பற்றியவை.

கண்டேராவ் ஹைதர் கைதூக்கிவிட்ட ஆள். 1760இல் மைசூர் அரண்மனையோடு சேர்ந்துகொண்டு ஹைதரையே கவிழ்க்கப் பார்த்தார். மறு ஆண்டு காற்றுத் திரும்பியது. அவரைக் கொன்றுவிடாதே என்று அரண்மனைப் பெண்கள் கெஞ்ச, உயிரோடு விடுவது மட்டுமா, கிளியைப் போல வைத்து வளர்ப்பேன் என்று ஹைதர் வாக்குக் கொடுத்தாராம். சொன்ன சொல் தவறவில்லை: இரும்புக் கூண்டு, பாலும் சோறும், சாகும்வரை. இன்னொரு கதை, மைசூரின் பழைய தளவாய் நஞ்சராஜையாவைப் பற்றியது. சீரங்கப்பட்டணத்துக்கு வந்தால் தீங்கு நேராது என்று ஹைதரின் ஆட்கள் குர்ஆன்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார்கள். நம்பி வந்தார், மாட்டிக்கொண்டார். வேலைப்பாடுள்ள அந்த அட்டைக்குள் இருந்தது குர்ஆனே அல்ல என்பது கதையின் முடிச்சு.

கர்னல் மார்க் வில்க்ஸின் மைசூர் வரலாறு இக்கதைகளைச் சொல்கிறது. அவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர், மைசூரில் ரெசிடென்டாக இருந்தவர், ஹைதரை நல்லவராகக் காட்ட அவருக்கு எந்த அவசரமும் கிடையாது. நடந்ததா இல்லையா என்பதைச் சரித்திரக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். மாயப் புனைவைப் படிப்பவருக்கு இரண்டாவது கதைதான் பொருட்படுத்தத் தக்கது. சத்தியத்தை முறிக்க வேண்டுமென்றால் முதலில் சாட்சியை அப்புறப்படுத்த வேண்டும் என்று ஹைதரின் ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது. வஞ்சினமும் வாக்குத் தவறலும் பேயும் நிழலும் பின்னிக்கிடக்கும் தமிழ்க் கதைகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால், நிற்பவை எல்லாம் சாட்சி உள்ளவை. வீரவசனத்தோடு முடிந்துபோனவற்றில் சாட்சி இல்லை.

பழைய நூல்களில் இது வெளிப்படையாகவே இருக்கிறது. புறநானூற்றில் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனின் வஞ்சினப் பாட்டு இருக்கிறது. பகைவரை வெல்லாவிட்டால் மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர்கள் தன் நாட்டைப் பாடாமல் போகட்டும் என்கிறான் அவன். தோற்றால் உயிர் போகும் என்று சொல்லவில்லை, அது எல்லாரும் சொல்வது. சிலப்பதிகாரத்தின் ‘வஞ்சின மாலை’யில் மதுரையை எரிப்பேன் என்று கண்ணகி சொல்வதற்கு முன், தன் ஊர்ப் பத்தினிகளை வரிசையாகச் சொல்கிறாள். முதலில் வருபவள் வன்னி மரத்தையும் மடைப்பள்ளியையும் சாட்சிக்கு நிறுத்தியவள். அதே காப்பியத்தில் புகார் நகரின் சதுக்கப் பூதத்துக்கு வேலையே இதுதான். பொய்ச்சாட்சி சொன்னவனையும் பொய்த்தவ வேடம் போட்டவனையும் பாசத்தால் கட்டி அடித்து விழுங்கும். ‘அடைக்கலக் காதை’யில் ஒரு காட்சி வருகிறது. கற்புள்ள பெண்மேல் பொய்க்கரி சொன்னவனைப் பூதம் பிடித்துவிட்டது. அவன் தாய் கதறுகிறாள். கோவலன் குறுக்கே போய், அவனை விடு, என்னை எடுத்துக்கொள் என்கிறான். கெட்ட உயிருக்குப் பதிலாக நல்ல உயிரை வாங்குவது முறையில்லை என்று சொல்லிப் பூதம் மறுக்கிறது. கருணைக்கு முன்னாலும் விதியை வளைக்காத இந்தப் பூதத்தைப் போல ஒரு பாத்திரத்தை நம் இன்றைய மாயநாவலாசிரியர்கள் எத்தனை பேர் படைத்துவிட்டார்கள் என்று விரல் மடக்கினால் ஒரு கை போதும்.

இந்த வகையின் உச்சம் பழையனூர் நீலிதான். முற்பிறவியில் தன்னைக் கொன்ற கணவன் இப்போது வணிகனாகப் பிறந்து வருகிறான். நீலி பெண்ணுருவில் தொடர்கிறாள். கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். ஊர் வேளாளர் எழுபது பேர் முன்னால், இவன் என் புருஷன், கையில் கத்தி வைத்திருக்கிறான், பயமாக இருக்கிறது என்று அழுகிறாள். அவன் கதறுகிறான், இவள் பேய் என்று. குழந்தை அவனைப் பார்த்து அப்பா என்கிறது. அதற்குமேல் விசாரிக்க என்ன இருக்கிறது? வேளாளர்கள் கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, உனக்கு ஒன்று நேர்ந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிர் விடுகிறோம் என்று வாக்குக் கொடுத்து, இருவரையும் ஓர் அறைக்குள் அனுப்புகிறார்கள். காலையில் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

கொஞ்சம் நின்று பார்த்தால் இதன் கட்டுமானம் மலைக்க வைக்கும். சாட்சி சொன்ன குழந்தை கள்ளிச்செடி. அதை நம்பியவர்கள் ஏமாந்தவர்கள்தான், துரோகிகள் அல்ல. ஏமாந்து கொடுத்த வாக்குக்கும் விலை உண்டா? உண்டு என்கிறது கதை. திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூரில் தீப்பாய்ந்த மண்டபம் இன்றும் நிற்கிறது. அங்கே ஈசனுக்குப் பெயர் சாட்சி பூதேசுவரர். பேய் ஜோடித்த பொய்ச்சாட்சிக்கு எதிரே, மனிதர் வாக்கைக் காத்ததற்குத் தெய்வமே சாட்சி. சமணர்கள் இதே நீலியை எடுத்து ‘நீலகேசி’யில் தர்க்கம் செய்யும் அறிவாளியாக்கினார்கள். பழிவாங்கும் பேயை வாதப்போர் செய்யும் பெண்ணாக மாற்றிய அந்தத் துணிச்சல் பத்தாம் நூற்றாண்டை ஒட்டியது. அடுத்த அடியை நாம் இன்னும் எடுத்து வைக்கவில்லை.

வெளியுலகிலும் பெரிய கைகள் இதைத்தான் பிடித்தன. டோல்கீனின் ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்’ (1955) நாவலில், எரெக் என்ற இடத்துக் கருங்கல்லைத் தொட்டு இசில்டூருக்குத் துணைவருவதாகச் சத்தியம் செய்த மலைவாசிகள் போர் வந்ததும் ஒளிந்துகொள்கிறார்கள். சாக முடியாமல் நிழல்களாக அலைகிறார்கள், அவன் வம்சத்தில் வந்தவன் அழைத்து அதே கல்லின்முன் நிறுத்தும்வரை. இலங்கையில் விஜயனின் கதையும் இப்படித்தான். கைவிட மாட்டேன் என்று சொல்லிக் குவேனியோடு வாழ்ந்தவன், மதுரையிலிருந்து பாண்டிய இளவரசி வருகிறாள் என்றதும் அவளை விரட்டுகிறான். அந்த வாக்குப் பிழை அடுத்து ஆண்ட பாண்டுவாசனைச் சிறுத்தையின் வடிவில் வந்து பிடித்ததாகவும், அதைத் தீர்க்க எழுந்ததே ‘கொஹொம்ப கங்காரிய’ சடங்கு என்றும் கண்டிப் பக்கத்தில் சொல்கிறார்கள். கொடுத்தவன் போய்விட்டான், கடன் சிம்மாசனத்தில் ஒட்டிக்கொண்டது.

நவீன காலத்துக்கு வந்தால், தமிழில் இந்தச் சரக்கு மாயநாவல் என்ற பெயரில் விற்கப்படவில்லை. சரித்திர நாவல் என்ற பெயரில்தான் வீடு வீடாகப் போனது. கல்கி 1944 முதல் 1946 வரை தொடராக எழுதிய ‘சிவகாமியின் சபத’த்தைத் தலைமுறைகள் காதல் கதையாகவே படித்துவிட்டன. வாதாபி எரிந்தாலன்றி வெளியே வரமாட்டேன் என்பது சிவகாமியின் சபதம். அதை நிறைவேற்ற மாமல்லன் ஆண்டுக்கணக்கில் படை திரட்டுகிறான், நகரையும் எரிக்கிறான். ஆனால் அதற்குள் பாண்டியன் மகளை மணந்து பிள்ளைகளும் பெற்றுவிட்டான். பெரிய சபதம் நிறைவேறுகிறது, சொல்லாமல் சொன்ன சின்ன வாக்கு உடைகிறது. இத்தனைக்கும் நடுவே நாகநந்தி. புலிகேசியின் அதே முகம், உடன் பிறந்தவன், காவியுடை, ராஜ்யம் இல்லாத ராஜா. தமிழ் நாவலில் நிழல் என்று ஒருவனைச் சொல்ல வேண்டுமானால் நான் இவனைத்தான் சொல்வேன். எல்லாரும் கொண்டாடும் ‘பொன்னியின் செல்வன்’ நந்தினிகூட எனக்கு இவனுக்குப் பிறகுதான்.

‘பொன்னியின் செல்வ’னில் பாண்டிய ஆபத்துதவிகள் நள்ளிரவில் கூடிப் பழிவாங்கும் திட்டம் தீட்டும் இடம் திருப்புறம்பியம் பள்ளிப்படை. கல்கி அந்த ஊரைத் தேர்ந்தது அங்கே நடந்த போருக்காக. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே விழுந்தவன் கங்க மன்னன் பிருதிவிபதி. கங்கர்கள் தங்களைக் குவளாலபுரத்து அதிபர் என்று சொல்லிக்கொண்டவர்கள்; குவளாலபுரம் இன்றைய கோலார். பூதிகோட்டை மண்ணுக்கு ஏதோ ஒரு விதத்தில் சொந்தக்காரனின் கல்லறைமேல்தான் சதிகாரர்கள் கூடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. திருப்புறம்பியத்துச் சிவனுக்குப் பெயர் சாட்சிநாதர். திருவிளையாடற் புராணத்தின் கடைசிப் படலத்தில், ஒரு பெண்ணின் திருமணம் உண்மை என்று சொல்ல மதுரைவரை வருபவை இந்த ஊரின் வன்னி மரமும் கிணறும் லிங்கமும். இத்தனை பெரிய சாட்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கல்கி அதைத் தொடவே இல்லை. மரத்துக்குப் பின்னால் ஒளிந்து கேட்கும் ஆழ்வார்க்கடியான் போதும் என்று விட்டுவிட்டார். தொடர்கதையின் வேகம் அப்படி. அந்தச் சதிகாரர்களில் ரவிதாசனும் சோமனும் கற்பனைப் பெயர்கள் அல்ல. உடையார்குடிக் கல்வெட்டு அவர்களைத் துரோகிகள் என்று பெயர் சொல்லி, சொத்தைப் பறித்ததைப் பதிந்திருக்கிறது. கல்லே சாட்சி சொல்கிற இடத்தில் நாவல் ஒதுங்கிக்கொண்டது.

கல்கிக்குப் பின் வந்த சரித்திரத் தொடர்களில் சபதம் மலிந்தது. வாளை உருவினால் ஒரு சபதம், அத்தியாயம் முடிந்தால் ஒரு சபதம். அவற்றைப் பற்றி இவ்வளவே போதும்.

கனமான வேலை வேறு திசையிலிருந்து வந்தது. புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ நாவல் அல்ல, சிறுகதை. ஆனால் இந்தத் துறையை அளப்பவர் அதைத் தாண்டிப் போக முடியாது. ராமன் பாதம் பட்டுக் கல்லிலிருந்து மீண்ட அகலிகை, தன்னைப் புரிந்துகொண்டவன் அவன் ஒருவனே என்று நம்பி வாழ்கிறாள். பிறகொரு நாள் சீதை வந்து, தீக்குளித்த சேதியைச் சொல்கிறாள். அவனா கேட்டான் என்கிறாள் அகலிகை. ராமன் அவளுக்கு எழுதிக் கொடுத்த பத்திரம் ஒன்றும் இல்லை. மீட்டவன் இருப்பதே அவளுக்கு வாக்காக இருந்தது. அது போனதும் மறுபடி கல்லாகிறாள். இங்கே சாட்சி சீதை. தன்மேல் நடந்ததைத் தானே வந்து சொல்லும் சாட்சி. தெய்வம், பூதம், மரம் என்று வெளியே இருந்த சாட்சியைப் பாதிக்கப்பட்டவளின் வாய்க்கே கொண்டுவந்த கதை இது.

ஜெயமோகன் 2014 ஜனவரி தொடங்கி 2020 வரை எழுதிய ‘வெண்முரசு’ 26 நாவல்கள் கொண்ட மகாபாரத வரிசை. மகாபாரதமே சபதங்களின் கிடங்குதான். பீமனின் தொடைச் சபதமும் பாஞ்சாலியின் கூந்தல் சபதமும் கூத்து மேடையில் விடிய விடிய ஆடித் தேய்ந்தவை. ஜெயமோகன் புத்திசாலித்தனமாக முதல் நாவலான ‘முதற்கன’லின் மையத்தில் அம்பையை வைத்தார். பீஷ்மரின் விரதம் தேவர்கள் பூமழை பொழிந்த விரதம். அந்த விரதத்துக்கு விலை கொடுத்தவள் அம்பை. ஒருவரின் சத்தியம் காக்கப்படுவதால் இன்னொருவரின் வாழ்க்கை உடையும் என்பதை அவ்வளவு உக்கிரமாகத் தமிழில் வேறு யாரும் எழுதியதில்லை. வரிசை நீள நீள உக்கிரம் தத்துவ விவாதத்தில் கரைந்துபோகும் இடங்களும் உண்டு. 26 நாவலையும் ஒரே மூச்சில் புகழ்பவர்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

வெகுஜனப் பக்கம் இந்திரா சௌந்தர்ராஜன். அவருடைய ‘விட்டுவிடு கருப்பா’, ‘விடாது கருப்பு’ என்ற பெயரில் தொலைக்காட்சிக்கு வந்தபோது குதிரைமேல் வரும் கருப்பைப் பார்த்து நடுங்காத பிள்ளைகள் குறைவு. முடிவில் மனநோய் என்று ஒரு விளக்கம் உண்டு. ஆனாலும் கருப்பை முழுதாக ஒதுக்கிவிட மனம் ஒப்பாதபடி கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்திருப்பார். அது ஊர் நடப்புக்கு நெருக்கமானது. அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பு சந்நிதியில் இன்றும் கொடுக்கல் வாங்கல் வழக்கைச் சத்தியத்தால் தீர்க்கிறார்கள். கற்பூரத்தை அணைத்துச் சொல், பிள்ளையைப் போட்டுத் தாண்டு என்றால் பொய்யன் பின்வாங்குவான் என்ற கணக்கு. நம்பிக்கையில்லாதவனும் அந்த இடத்தில் ஒரு நொடி தயங்குவான். அந்த ஒரு நொடிதான் இந்தக் கதைகளின் விளைநிலம்.

மீண்டும் கோலார் பக்கம். பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ 2024 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. நிலத்தை இழந்த வடஆர்க்காட்டுப் பறையர் குடும்பங்களை வெள்ளைக்கார துரை தங்கம் தேடக் கூட்டிப் போகிறான். தங்கத்தைக் காப்பவள் ஆரத்தி. திரைப்படம்தான் என்றாலும், தங்கவயல் மண்ணிலிருந்து எழுந்த முழு அளவு மாயக்கதை என்பதால் இங்கே அதற்கு இடம் உண்டு. துரையின் பேச்சு ஒரு வாக்கு. தங்கலானின் கனவில் வரும் ஆரத்தி அதற்கு முந்தைய, முன்னோர் உடைத்த வேறொரு வாக்கின் சாட்சி. இரண்டையும் ஒரே பள்ளத்தில் இறக்கிய யோசனை பெரியது. பிற்பாதியில் சண்டையும் ரத்தமும் பெருகி ஆரத்தி பயமுறுத்தும் உருவமாகச் சுருங்கியது என் குறை. அவள் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இருந்தன.

ஏனென்றால் அந்த மண்ணில் உடைந்த வாக்குகளுக்குப் பஞ்சமில்லை. 1769 ஏப்ரலில் சென்னையில் ஹைதரும் கம்பெனியும் கையெழுத்திட்டார்கள்: ஒருவரைப் பிறர் தாக்கினால் மற்றவர் துணைவர வேண்டும். அடுத்த ஆண்டே மராட்டியர் மைசூர்மேல் பாய்ந்தார்கள், கம்பெனி அசையவில்லை. 1780இல் ஹைதர் கர்நாடகச் சமவெளிக்கு இறங்கினார். செப்டம்பரில் காஞ்சிக்குப் பக்கத்துப் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. அதே புள்ளலூரில்தான் மகேந்திர பல்லவன் பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. பழையனூரும் அங்கிருந்து வெகுதூரமில்லை. வாக்கு தவறியது கோட்டைக்குள், எரிந்தது ஆர்க்காட்டு உழவனின் கதிர். நூறு ஆண்டு கழித்து, 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத்தை எடுத்து நடத்தத் தொடங்கியபோது இறங்கியவர்களில் பெரும்பகுதி அதே ஆர்க்காட்டுப் பக்கத்துத் தமிழர்கள். சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. ராக் பர்ஸ்டில் மூடிக்கொண்ட பாறைக்குள் இருந்தவர்களைப் பற்றிய பேய்க்கதைகள் லைன் வீடுகளில் வளர்ந்தன. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது.

இந்த வட்டாரத்துக்கு எட்டும் தூரத்தில்தான் சித்தூரை ஒட்டிய காணிப்பாக்கம் இருக்கிறது. அங்கே பிள்ளையார் முன்னால், கோயில் குளத்தில் முழுகி ஈரத்துணியோடு நின்று சத்தியம் செய்கிறார்கள்; கடன் வழக்கும் திருட்டு வழக்கும் குடியை விட்ட சபதமும் அங்கே போகின்றன. சுரங்க நாவலை எழுதப்போகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, கம்பெனியையும் அரசாங்கத்தையும் அந்தக் குளத்தில் முழுகச் சொல்லும் பாத்திரம் எது என்பதைத்தான். மண்ணுக்குள் போனவர்களில் ஒருவரா, ஆரத்தியா, மேலே சுரங்கக் கழிவான சயனைடு மேட்டின் தூசியில் இருமிக்கொண்டிருக்கும் கிழவியா? நான் எழுதினால் கிழவியிடம் கொடுப்பேன்.