சொல்ல எளிது, தேடக் கடினம்

அந்தமான் வாட்ஸ்ஆப் குழுக்களில் ஓயாமல் வரும் கேள்வி கப்பலைப் பற்றியது. ஹட்பே கப்பல் நாளைக்கு உண்டா? கேம்பல்பே கப்பல் தள்ளிப்போய்விட்டதா? பெரும்பாலும் இதற்கான விடை முந்தின நாளே அதே குழுவில் வந்திருக்கும். இருந்தும் கேட்பார்கள். யாராவது அலுப்போடு, "மேலே போய்ப் பாருங்க" என்பார். மேலே போனால் இருநூறு காலை வணக்கப் படங்கள், ஒரு தொலைந்த பர்ஸ், இரண்டு அரசியல் சண்டைகள். அவற்றுக்கு நடுவே எங்கோ கப்பல் இருக்கிறது.

கேட்டவரைச் சோம்பேறி என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரே தவறை நூறு பேர் செய்கிறார்கள் என்றால் குறை அவர்கள் கையிலிருக்கும் கருவியில்தான். இணைய உரையாடல் தளங்களின் இடைமுகத்தைப் பேசும்போது நாம் பெரும்பாலும் எழுதுவது எளிதா என்று மட்டும் பார்க்கிறோம். எழுதியதைப் பின்னால் வருபவர் கண்டெடுப்பது எளிதா என்பது வேறு கேள்வி. முதலாவதை எளிதாக்கும் வசதிகள் பலவும் இரண்டாவதைக் கெடுத்துவிடுகின்றன என்பதே வாட்ஸ்ஆப் குழுக்களைப் பற்றி நான் சொல்ல வருவது.

இதைச் சோதித்துப் பார்க்க அந்தமான் நிக்கோபாரைவிடப் பொருத்தமான இடம் குறைவு. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 3,80,581. சென்னையிலிருந்து ஆயிரம் கி.மீ.க்கும் மேலான கடல். வங்காளிகளே அதிகம், தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறக்குறைய 15 விழுக்காடு, தெலுங்கர், மலையாளிகள், நிக்கோபாரிகள் எல்லோரும் உண்டு, பொதுப்பேச்சு இந்தி. தீவுக்குத் தீவு கடல் பிரிக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் சேதி பரிமாறிக்கொள்ளும் இடம் பொழுதுபோக்குக்கானது மட்டுமல்ல, அன்றாடத் தேவை.

இங்கே முதல் எதிரியாக இருந்தது தொலைவுதான். 2020 வரை மெயின்லேண்டோடு இணைய இணைப்பு செயற்கைக்கோள் வழியாகவே இருந்தது. புவிநிலைச் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கிறது. ஒரு கேள்வி அங்கே ஏறி இறங்க கால் விநாடி. பதில் திரும்பி வர இன்னொரு கால் விநாடி. இந்த அரை விநாடியை எந்தப் பொறியாளராலும் குறைக்க முடியாது. பாதுகாப்பான ஒரு இணையப் பக்கம் முதல் எழுத்தைக் காட்டுமுன்பே உலாவியும் சர்வரும் பலமுறை கேட்டுப் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். அதன்பின் எழுத்துரு, படம், நிரல் என்று டஜன்கணக்கான கோப்புகள். ஒரு விநாடியைத் தாண்டினால் பயனரின் சிந்தனை ஓட்டம் அறுபடும், பத்து விநாடியைத் தாண்டினால் கவனமே போய்விடும் என்று இடைமுக ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1993-இல் வகுத்தார். செயற்கைக்கோள் காலத்து போர்ட் பிளேரில் கனமான பக்கங்களுக்கு அந்தப் பத்து விநாடியே போதாமல் போயிருக்கும்.

அந்தக் காலத்துக் கருத்துக்களங்கள் இந்தச் சோதனையில் தோற்றதில் வியப்பில்லை. 2000-இல் வந்த பிஎச்பிபிபி போன்ற மென்பொருள்களில் அமைந்த களங்களில் முதலில் பதிவுசெய்ய வேண்டும், மின்னஞ்சலில் வரும் இணைப்பைத் தட்ட வேண்டும், உட்பிரிவுகளுக்குள் இறங்கி இழையைத் திறக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு புதுப் பக்கம். அரை மணி நேரம் தட்டச்சு செய்து அனுப்பும் பொத்தானை அழுத்துகிற நேரத்தில் இணைப்பு அறுந்தால் எழுதியதெல்லாம் போகும். இப்படி ஒருமுறை நேர்ந்தவர் மறுபடி நீளமாக எழுத மாட்டார்.

வாட்ஸ்ஆப் வென்றது இங்கேதான். சேதி கைப்பேசியிலேயே காத்திருக்கும். சிக்னல் வந்ததும் தானே போகும். பெறுபவர் கடலில் இருந்தாலும் சர்வர் 30 நாள் வரை வைத்திருந்து கொடுக்கும். ஒரு டிக், இரண்டு டிக் என்று நிலவரமும் தெரிந்துவிடும். கடவுச்சொல் வேண்டாம், உட்பிரிவு வேண்டாம். எழுதப் படிக்கத் தடுமாறும் பெரியவர்கூடக் குரல்பதிவில் தமிழும் இந்தியும் கலந்து தன் சேதியைச் சொல்லிவிடலாம். விட்டுவிட்டு வரும் இணைப்புக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு அன்று சாமானியர் கையில் இல்லை. இந்தப் பெருமையை வாட்ஸ்ஆப்புக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையையும் தீவுகளையும் இணைக்கும் கடலடி கேபிள் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 2,300 கி.மீ.; செலவு சுமார் ரூ.1,224 கோடி. போர்ட் பிளேரோடு ஸ்வராஜ் தீவு, ரங்கத், லாங் ஐலண்ட், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகியவையும் இணைந்தன. அரை விநாடித் தடை நீங்கியது. அதன் பிறகும் கப்பல் கேள்வி நிற்கவில்லை. அப்படியானால் மிச்சமிருந்த கோளாறு வேகத்தில் இல்லை.

முதல் கோளாறு, தலைப்பு இல்லாமை. கருத்துக்களத்தில் இழை தொடங்குபவர் தலைப்புக் கொடுத்தே ஆக வேண்டும். அந்தச் சின்னத் தொந்தரவுதான் பின்னால் வருபவருக்கு வழிகாட்டி. வாட்ஸ்ஆப் குழுவில் எல்லாப் பேச்சும் ஒரே ஓடையில் போகிறது. 2016-இல் வந்த மேற்கோள் பதில் வசதி எது எதற்கு விடை என்று காட்டுகிறதே தவிர, கப்பல் பேச்சைத் தனியே பிரித்துக் கொடுப்பதில்லை. டெலிகிராம் 2022-இல் பெரிய குழுக்களுக்குத் தலைப்புப் பிரிவுகளைக் கொடுத்தது. பிறகு சேர்ந்தவருக்குப் பழைய பேச்சையும் காட்டுகிறது. ஆனால் ஊரே வாட்ஸ்ஆப்பில் இருக்கும்போது ஒருவர் மட்டும் டெலிகிராமுக்குப் போய் என்ன செய்வது?

இரண்டாவது கோளாறு திருத்தம் பற்றியது. தீவில் செய்தியின் ஆயுள் குறைவு. வானிலை மாறினால் கப்பல் அட்டவணை மாறும். கருத்துக்களத்தில் முதல் பதிவைத் திருத்தினால் போதும். எல்லோரும் புதியதையே பார்ப்பார்கள். வாட்ஸ்ஆப்பில் 2023 வரை அனுப்பியதைத் திருத்தவே முடியாது. இப்போது முடியும், ஆனால் 15 நிமிடத்துக்குள். அதற்குப் பிறகு கப்பல் ரத்தானால் பழைய சேதி பழையபடியே நிற்கும். அதற்குள் நாலு குழுவுக்குப் போயிருக்கும். ஒரு சேதியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி 2018-இல் இந்தியாவில் கொண்டுவந்த கட்டுப்பாடு வதந்தியின் வேகத்தைக் குறைக்க வந்தது. காலாவதியான உண்மைக்கு அதில் மருந்தில்லை. 2004 சுனாமியைக் கண்ட தீவில், தேதியில்லாமல் சுற்றும் பழைய நிலநடுக்க எச்சரிக்கை எவ்வளவு பீதியைக் கிளப்பும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, தேடல். கப்பலை ஒருவர் தமிழில் எழுதுவார், இன்னொருவர் ரோமன் எழுத்தில் ஜஹாஜ் என்பார், மூன்றாமவர் ஷிப் என்பார், நான்காமவர் குரல்பதிவில் சொல்லிவிடுவார். தேடல்பெட்டி இவற்றை ஒன்றாகக் காண்பதில்லை. குரல்பதிவின் கணக்கு இன்னும் மோசம். சொல்பவருக்கு ஒரு நிமிடம். ஐந்நூறு பேர் குழுவில் எல்லோரும் கேட்டால் ஐந்நூறு நிமிடம். கண்ணால் மேய்ந்து கடக்கவும் வழியில்லை.

நான்காவது, ஆளடையாளம். குழுவில் பேசினால் கைப்பேசி எண் எல்லோருக்கும் தெரியும். பெண்கள் பலர் பொதுக்குழுக்களில் மௌனமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். வேலையென்றால் பெரும்பாலும் அரசு வேலை என்றிருக்கும் சிற்றூரில், நிர்வாகத்தைக் குறைசொல்ல யாருக்குத் துணிவு வரும்? 2020 ஏப்ரலில் கொரோனா தனிமைப்படுத்தல் குறித்து ட்விட்டரில் கேள்வி கேட்ட போர்ட் பிளேர் பத்திரிகையாளர் ஒருவர் கைதானதை ஊர் மறந்திருக்காது. பழைய களங்களின் புனைபெயர் வசைக்கும் இடம் கொடுத்தது, உண்மைக்கும் இடம் கொடுத்தது. எண்ணோடு பேசும் குழுவில் வசை கொஞ்சம் குறையலாம். கூடவே கேள்வியும் குறைகிறது.

பழைய களங்கள்தான் பொற்காலம் என்று இதற்குப் பொருளில்லை. பதிலுக்குப் பதில் உள்ளே தள்ளிக்கொண்டே போகும் ரெடிட் பாணி மரவடிவம் அகலத் திரையில் தெளிவாக இருக்கும். கைப்பேசியில் ஐந்தாவது படியில் பத்தி ஒடுங்கிவிடும். விகுதிகளோடு நீளும் தமிழ்ச் சொற்கள் அந்த ஒடுங்கிய பத்தியில் வரிக்கு ஒன்றாக உடையும். 2013-இல் வந்த டிஸ்கோர்ஸ், பக்கங்களை ஒழித்து முடிவில்லாமல் உருளும் இழையைக் கொடுத்தது. அது புதிய கைப்பேசியில் சுகம். பழைய கைப்பேசியிலும் மெல்லிய இணைப்பிலும் நிரல் சுமை.

வாட்ஸ்ஆப்புக்கு எதிர்த்திசை உதாரணம் ஒன்று தீவின் வரலாற்றிலேயே இருக்கிறது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஹைதராபாதின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனக் குழு ஒன்று போர்ட் பிளேரில் ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலி நிலையம் நடத்திக்கொண்டிருந்தது. 26-ஆம் தேதி சுனாமி வந்ததும் பொழுதுபோக்குத் தொடர்புகளை நிறுத்திவிட்டு அவசரச் செய்திகளைக் கடத்தத் தொடங்கினர். கார் நிக்கோபாரிலிருந்தும் பின்னர் செய்திகள் போயின. ஹாம் அவசர வலைகளின் முறை கறாரானது: ஒருவர் நெறிப்படுத்துவார், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம், பேசுபவர் அழைப்புக்குறி சொல்ல வேண்டும், அவசரம் முந்தும், பெற்றதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும். சொல்பவருக்கு இது பெருஞ்சுமை. ஆனால் கேட்பவருக்கு யார், எப்போது, எதைப் பற்றி என்பதில் ஐயமே எழாது. இதன் குறையும் வெளிப்படை: உரிமம் பெற்றவர் மட்டுமே பேசலாம், எல்லாம் ஒரு நெறியாளரின் கழுத்தில் தொங்கும். இதையே நாலு லட்சம் பேரின் அன்றாடப் பேச்சுக்கு விதியாக்க முடியாது.

ஒரு முனையில் வாட்ஸ்ஆப், மறுமுனையில் ஹாம் வலை. இடையில் எங்கே நிற்பது என்பதைப் பயனர்களின் விகிதம் சொல்கிறது. இணையக் குழுமங்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் படிக்க மட்டுமே செய்கிறார்கள், 9 விழுக்காட்டினர் எப்போதாவது எழுதுகிறார்கள், மிச்சமுள்ள ஒரு விழுக்காட்டினரே பெரும்பகுதியை எழுதுகிறார்கள் என்று நீல்சன் 2006-இல் எழுதினார். விகிதம் குழுவுக்குக் குழு மாறலாம். படிப்பவரே பெரும்பான்மை என்பது மாறாது. ஆனால் வாட்ஸ்ஆப் குழுவின் வசதிகளில் பெரும்பாலானவை எழுதும் சிறுபான்மைக்கே சேவகம் செய்கின்றன.

ஆகவே எழுதுபவர் மேல் கொஞ்சம் சுமை ஏற்றுவது நியாயம்தான். இதற்குப் புது மென்பொருள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கப்பலுக்கென்று அட்மின் மட்டும் எழுதும் தனிக்குழு. நடப்பு அட்டவணையை மேலே பின் செய்துவைத்தல். சேதியின் முதல் வரியில் தீவின் பெயரும் தேதியும். குரல்பதிவுக்குக் கீழே ஒரு வரிச் சுருக்கம். நாலுமே இன்றைக்கே செய்யக்கூடியவை. அட்மினுக்குத் தினமும் பத்து நிமிட வேலை கூடும், அரட்டைக்காரர்கள் முணுமுணுப்பார்கள். தாமதமாக வந்து சேதியைத் தேடும் ஐந்நூறு பேரின் நேரத்தோடு ஒப்பிட்டால் அந்த விலை மலிவு.