திகிற் கதையும் தாய்வழி வீடும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை முன்வைத்து ஒரு நோக்கு

மேனாட்டுத் திகிற் புனைகதையின் தொடக்கமாக, ஹொரஸ் வோல்போல் 1764இல் வெளியிட்ட 'ஒத்ராந்தோக் கோட்டை'யைக் கொள்வது மரபு. 'கொதிக்' எனப்படும் இக்கதை வகையின் புறக்கூறுகளான கோட்டை, நிலவறை, ஆவி ஆகியவற்றைப் பட்டியலிட்டுத் தமிழில் அவற்றைத் தேடுவது எளிது. ஆயின் அது ஒப்பியலாகாது. அச்சம் யாருடைய வீட்டில், யாருக்கு நேர்கிறது என்பதே முதற்கண் வினவத்தக்கது.

வீட்டுக்குரியதாய்ப் பழகிய ஒன்றே, மறைந்திருந்து மீளுங்கால் பேரச்சம் தருகிறது என சிக்மண்ட் பிராய்ட் 1919இல் விளக்கினார். ஆன் ராட்கிளிஃபின் 'உடோல்போ' (1794), சார்லட் புரொன்ரேயின் 'ஜேன் ஐயர்' (1847) ஆகியவற்றில் ஆணுக்குரிய மாளிகையுட் பெண் அயலாளாகப் புகுகின்றாள். அங்கு மறைக்கப்பட்டிருப்பதை அஞ்சுகின்றாள். 'டிராகுலா'வில் (1897) ஆடவனொருவன் சிறைப்படினும் கோட்டை ஆணுடையதே. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யில் (1943) வீட்டினுட் புகுபவள் அயற்பெண். அஞ்சுபவன் வீட்டுத் தலைவன்.

மட்டக்களப்பைப் பற்றிப் பிறபகுதியார், குறிப்பாக யாழ்ப்பாணத்தார், வழங்கும் கூற்றொன்று இவற்றோடு ஒப்பிடற்குரியது. அங்குச் செல்லும் ஆடவனைப் 'பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள்' என்பதே அது. மந்திரத்தால் மயங்கியவன் ஊர் திரும்பான். பெண்வீட்டிலேயே தங்கிவிடுவான் என்பது இதன் பொருள். இங்கே வீடு பெண்ணுடையது. புகுபவனும் அஞ்சுபவனும் அயலூர் ஆடவன். மேனாட்டுக் கதையின் அமைப்பு முற்றிலும் தலைகீழாகின்றது.

இதன் காரணத்தை மந்திரத்தில் அன்றிச் சமூக அமைப்பிலேயே தேடுதல் வேண்டும். யாழ்ப்பாணத்திலும் சீதன முறை உண்டு. எனினும் மட்டக்களப்பில் குடி தாய்வழியே கணிக்கப்படுகிறது. வீடு மகளுக்குச் சீதனமாகிறது. கணவன் மனைவியின் வீட்டிற்கு வந்து வாழ்கின்றான். மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில், இவ்வமைப்பு இப்பிரதேசத்துத் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் நிலவுவதை விரிவாக ஆராய்ந்துள்ளார். வணிகராகவும் ஆசிரியராகவும் உத்தியோகத்தராகவும் வந்தோருட் சிலர் இங்கு மணந்து தங்கினர். ஊரில் அவர்களை எதிர்பார்த்திருந்தோர்க்கு, அவர்கள் விரும்பியே தங்கினர் என்பதனினும் மந்திரத்துக்குட்பட்டனர் என்பது ஏற்றற்கு எளிதாயிருந்திருக்கும். பாய் இங்கே மணவாழ்வின் குறியீடு.

இப்பிரதேசத்தில் மாந்திரிக மரபு இல்லை என்பது எமது கருத்தன்று. பேயோட்டலும் மந்திரித்தலும் இங்கு வழங்கியவையே. ஆனால் அவை தமிழ்கூறு நல்லுலகெங்கும் உள்ளவை. பொதுவான வழக்கொன்று ஓர் ஊரவர்க்கு மட்டுமே உரிய இயல்பாக ஏன் சாட்டப்பட்டது என்பதே வினா.

அகத்திருந்து நோக்குவார்க்கு இதே நிலம் வேறாகத் தோன்றும். கல்லடிப் பாலத்தருகே நிலவொளி இரவுகளில் வாவியினின்று எழும் ஒலியை மீனுடையது என்பாரும் ஊரியுடையது என்பாரும் உளர். நீரினின்று எழும் குரல் கிரேக்க மரபில் மாலுமிகளைக் கொல்லும் மங்கையரின் குரல். ஜெர்மானிய மரபில் ரைன் நதிப் படகோட்டியை அழிக்கும் லோரலையின் குரல். காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தரோ (1892–1947) அவ்வாவி ஒலியை நீரரமகளிரின் இசையாகக் கொண்டு பாடினார். 1947இல் அவரது 'யாழ் நூல்' அரங்கேறியது. அயலார் அச்சத்துக்கு இடமாக்கக்கூடிய ஒலி, அம்மண்ணின் மைந்தருக்கு இசையாயிற்று.

எனவே, அச்சம் இடத்தின் இயல்பன்று. சொல்பவன் நிற்கும் நிலையின் விளைவு. திகிற் கதைகளை ஒப்பிடுவோர் ஆவிகளை எண்ணுவதற்கு முன் அந்நிலையை அறிதல் வேண்டும். அன்றேல் ஓர் ஊரின் மீது பிறர் கொண்ட ஐயத்தையே அவ்வூரின் பண்பாடென எழுதிவைத்த பிழைக்கு ஆளாவோம். பாயோடு ஒட்டவைத்த கதையை ஆடவரும் அயலாரும் சொல்லியாயிற்று. வீட்டுக்குரிய பெண் அதனை எவ்வாறு சொல்வாள் என்பது இனி எழுதப்படவேண்டிய இலக்கியம்.